ஆமா, வைஃபை பிளக்க நாந்தேன் புடுங்குனேன்

அண்ணே! ஏ அண்ணே! உன்னத்தேன்.

பேரச் சொல்லிக் கூப்புட்டா "அண்ணேன்னு சொல்லுடி"ன்னு நடுமண்டைல கொட்டுவ. அதனால இங்கயும் பேரு வேணாம். அண்ணேதேன்.

நீ போனதுலருந்து உன்னப் பத்திப் பேசுறவக எல்லாம் கொரலத் தாழ்த்திக்கிறாக. என்னமோ நீ பக்கத்து ரூம்புல தூங்குற மாதிரி. எனக்கு அப்பிடிப் பேச வரல. அமாவாசையன்னைக்கி நான் பண்ணுனதுக்கு இன்னமும் சொந்தத்துல ஏச்சு விழுகுது. படையல் நேரத்துல கிறுக்கு புடிச்சவ மாதிரி ஆடுனாளாம், பெரியவுகள எதுத்துப் பேசுனாளாம். ஆமா, பேசுனேன். ஏன் பேசுனேன்னு ஒருத்தரும் கேக்கல. அதனால நானே எழுதிப்புடுறேன். எட்டாப்போட நின்னவ நான். தப்பு இருந்தா இருக்கட்டும்.

எங்க அண்ணனத் தெரியாதவங்களுக்காக மொதல்லருந்து சொல்றேன்.

எங்க வீடு வில்லாபுரத்துல. அண்ணே குட்டியானை ஓட்டுனான், சின்ன லோடு வண்டி. பீரோ, கட்டிலு, ஃப்ரிட்ஜு, கல்யாண வீட்டுப் பாத்திரம், யாரு கூப்புட்டாலும் ஏத்திக்கிட்டுப் போவான். நான் அவனியாபுரத்துல ஒரு கம்பெனில நைட்டி தைக்கிறேன். அம்மா வீட்டப் பாத்துக்கும். அப்பா நாங்க சின்னதா இருக்கப்பவே தவறிட்டாரு.

அப்பா படம் அம்புட்டும் அண்ணனோட பழைய போன்லதேன் இருந்துச்சு. ஒருநா அட மழைல தார்ப்பாய இழுத்துக் கட்டுறப்ப அந்தப் போன் சட்டப் பையிலருந்து வழுக்கி ஓடுற தண்ணிக்குள்ள போயிருச்சு. போனது போனதுதேன். இப்ப எங்க வீட்டுச் செவுத்துல மாட்டிருக்க அப்பா படம், ரேஷன் கார்டுல இருந்தத எடுத்துப் பெருசாக்குனது. மூக்கு, கண்ணு எல்லாம் இருக்கு, ஆனா அப்பா மாதிரி இல்ல. யாரோ ஒரு ஆளுக்கு நாங்க மால போட்டு வச்சிருக்க மாதிரி இருக்கும். அண்ணே அதப் பாக்கவே மாட்டான். சாமி கும்புடுறப்பக்கூட கண்ண மூடிக்கிருவான்.

அதுலருந்து அவனுக்கு ஒரு வெறி. எதுவும் ஒரே எடத்துல இருக்கக்கூடாது. ஒரு பழைய கம்ப்யூட்டர வாங்கிட்டு வந்து ஹால் மூலையில வச்சான். பஸ் ஸ்டாப்புகிட்ட மொபைல் சர்வீஸ் கட வச்சிருக்கவரு அண்ணனுக்குக் கூட்டாளி. அவருதேன் வந்து அந்த ஆப்பப் போட்டுக் குடுத்தாரு. அண்ணே போனு, என் போனு, கம்ப்யூட்டரு, மூணுலயும் ஒரே ஃபோல்டரு. ஒன்னுல ஒரு படத்தப் போட்டா மத்த ரெண்டுலயும் தானா வந்து உக்காந்துக்கிரும். வீட்டு வைஃபை இருந்தாப் போதும், வேற எதுவும் வேணாம்.

போட்டு முடிச்சுட்டு அவரு கேட்டாரு, "மாப்ள, கிளவுடுலயும் ஒரு காப்பி வச்சிருவமா? கட்டாயம் இல்ல. வேணும்னா வைக்கலாம்."

"கிளவுடுன்னா எங்கடா இருக்கு?"

"எங்கயோ தூர தேசத்துல. பெரிய பெரிய கம்ப்யூட்டர் வச்சிருப்பாங்க. ஓசியாக் கொஞ்சம் எடம் தருவாங்க, பத்தலன்னா மாசாமாசம் கட்டணும்."

"எங்க ஆத்தா மூஞ்சிய நான் பாக்குறதுக்கு எவனுக்கோ வாடக கட்டணுமாக்கும்? போடா அங்கிட்டு. எங்க வீட்டுது எங்க வீட்லயே இருக்கட்டும்."

அம்மா அடுப்படிலருந்து, "என் மூஞ்சிய எதுக்குடா வம்புக்கு இழுக்குற"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சோம்.

அந்த ஆப்புல எனக்குப் புடிச்சது ஒன்னு இருந்துச்சு. அண்ணே லோடு எறக்கிட்டு வந்து வண்டியத் தெருவுக்குள்ள திருப்புறப்பவே அவன் போனு வீட்டு வைஃபையப் புடிச்சுக்கிரும். ஒடனே என் போனு 'டிங்'குன்னு சொல்லும், புதுசா வந்திருக்குன்னு. வண்டிச் சத்தத்துக்கு முன்னாடி அந்த டிங்கு கேட்டுரும். "அம்மா, தோசக்கல்லப் போடு, அண்ணே வந்துட்டான்"னு சொல்லுவேன். அவன் செருப்பக் கழட்டுறப்ப தோச வெந்துக்கிட்டு இருக்கும்.

படத்த விட எனக்கு உசுரு அதுக்குள்ளயே இருந்த இன்னொரு ஃபோல்டரு. அண்ணனுக்கு மேப்பு பாக்க வராது. மேப்புல பேசுற அந்தப் பொம்பளையோட சண்ட போடுவான். அதனால புதுசா ஒரு வீட்டுக்குப் போனா, போற வழிய அவனே பேசிப் பதிஞ்சு வச்சுக்கிருவான், அடுத்த தடவைக்கு. அந்த ஃபோல்டருக்கு 'வழி'ன்னே பேரு. நான் தையல் மிசின்ல உக்காந்துக்கிட்டு ஹெட்போன்ல அதக் கேப்பேன். பாட்டு எதுக்கு?

"கே.கே. நகர் டாக்டர் வீடு. ஆர்ச்சு தாண்டி ரெண்டாவது லெப்ட்டு, பச்ச கேட்டு. மூணாவது மாடி. லிப்ட்டு இருக்கு, ஆனா சாமான் ஏத்தக்கூடாதாம். மனுசன் மட்டுந்தேன் ஏறணுமாம். ஃப்ரிட்ஜு நம்ம முதுகுல. நாய் கொலைக்கும், கடிக்காது. அந்தம்மா மோர் குடுக்கும், குடிச்சுட்டுக் கெளம்பு."

பின்னால வண்டி எஞ்சின் கரகரன்னு கேக்கும். நடுவுல எவனையாவது வைவான். அதுவும் பதிஞ்சிருக்கும்.

அப்பறம் காய்ச்சல்னு படுத்தான். சும்மா காய்ச்சல்தேன்னு நெனச்சோம். அவனும் அப்பிடித்தேன் நெனச்சான், "நாளைக்கி ஒரு லோடு இருக்கு, எழுப்பி விடு"ன்னுட்டுத்தேன் படுத்தான். இதுக்கு மேல அதப் பத்தி எழுத மாட்டேன். எழுதணும்னு எனக்கு ஒரு கட்டாயமும் இல்ல.

எங்க பக்கம் கருமாதி முடிஞ்சதும் செத்தவுக பொழங்குனத யாருக்காவது குடுத்துருவாக. வீட்ல வச்சுக்கிட்டா அவுகளப் போக விடாமப் புடிச்சு வைக்கிறதாம். பெரியப்பா உசிலம்பட்டிலருந்து வந்திருந்தாரு. அப்பா இல்லாத வீடு, அதனால எதுனாலும் அவரு சொல்றதுதேன். சட்டைய ஒருத்தருக்கு, வாச்ச ஒருத்தருக்குன்னு பிரிச்சாரு. போன அவரு மகனுக்குன்னாரு. அவன் எனக்குத் தம்பி மொற, காலேஜு போறான்.

அம்மா என் காதுகிட்ட வந்து, "அதுல இருக்கதெல்லாம்டி?"ன்னு கேட்டுச்சு.

"எல்லாம் மூணு எடத்துல இருக்கும்மா. என் போன்ல இருக்கு, கம்ப்யூட்டர்ல இருக்கு. குடு, ஒன்னும் ஆகாது."

அம்மா முந்தானயால அந்தப் போன நல்லாத் தொடச்சு, பிள்ளையக் குடுக்குற மாதிரி குடுத்துச்சு. கம்ப்யூட்டர அன்னைக்கே அமத்தி ஒரு போர்வையப் போட்டு மூடிட்டோம். அது மூஞ்சியப் பாக்க முடியல.

அண்ணனுக்கு வந்த மொத அமாவாசை அன்னைக்கித்தேன் எல்லாம் நடந்துச்சு.

ஹால்ல அவன் படத்துக்கு முன்னாடி எல போட்டு, அவனுக்குப் புடிச்ச வெங்காய வட, பால்பன்னு எல்லாம் வச்சிருந்தோம். படத்தச் சுத்தி சீரியல் லைட்டு மினுக்கு மினுக்குன்னு. காக்காவுக்குச் சோறு வைக்க எல்லாரும் மாடிக்குப் போனோம். "கா, கா"ன்னு தொண்ட வத்தக் கூப்புடுறாக, ஒரு காக்காயக் காணோம். பெரியப்பா, "அவனுக்கு என்ன கொறையோ"ன்னாரு. அம்மா வாயப் பொத்திக்கிட்டு அழுதுச்சு.

அப்ப என் இடுப்புல இருந்த போன் டிங்குன்னுச்சு.

சத்தியமாச் சொல்றேன், "அம்மா, தோசக்கல்லு"ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. மாடிலருந்து எட்டிப் பாக்குறேன். கீழ தம்பி பைக்க ஸ்டாண்டு போட்டுக்கிட்டு இருக்கான். அவன் கையில அண்ணே போனு.

ஃபோல்டரத் தொறந்தேன். அண்ணே படத்துக்கு மேல ஒரு கருப்புக் காள மாடு. அப்பறம் கொம்பு மட்டும் ஒரு படம். அப்பறம் தம்பி கூலிங் கிளாஸ் போட்டு ஒரு படம். எல்லாம் அண்ணே அனுப்புன மாதிரியே வந்து விழுகுது. எனக்குச் சிரிப்புத்தேன் வந்துச்சு. பாத்துக்கிட்டே இருக்கேன், அண்ணே வண்டிக்குப் பூச போட்ட படம் காணோம். அம்மாவும் அவனும் இருந்த படம் காணோம். ஒன்னொன்னாப் போகுது. நான் எதையும் தொடல. அதுபாட்டுக்குப் போகுது.

சர்வீஸ் கட அண்ணனுக்கு அடிச்சேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன்.

"அந்தப் பய உசிலம்பட்டில வச்சே அழிச்சிருப்பான். இப்ப வீட்டு வைஃபையப் புடிச்ச ஒடனே உன் போன்லயும் அழியுது. மொதல்ல வைஃபைய அமத்து தாயி! கம்ப்யூட்டரு ஓடுதா?"

"இல்லண்ணே, அன்னைக்கி அமத்துனதுதேன்."

"நல்லவேள. ஆன் பண்ணிராத! நெட்டோட ஆன் பண்ணுனா அதுலயும் போயிரும். இந்தா வாரேன்."

அப்பத்தேன் எனக்குப் பிடிபட்டுச்சு. மூணு எடத்துல இருக்குன்னு அம்மாகிட்டச் சொன்னேனே, மூணு எடம் இல்ல. ஒரே எடந்தேன். ஒன்னுல கை வச்சா மூணுலயும் போயிரும்.

படியில எப்பிடி எறங்குனேன்னு தெரியல. வைஃபை பெட்டி அண்ணே படத்துக்குப் பின்னாடி இருக்கு. எந்த ஒயரு எதுக்குப் போகுதுன்னு பாக்க நேரமில்ல. எக்ஸ்டென்சன் பாக்ஸோட சேத்து ஒரே இழுப்பு. எல மேல கால் பட்டு பால்பன் உருண்டுச்சு. வைஃபையும் போச்சு, படத்துக்குப் போட்ட சீரியல் லைட்டும் போச்சு.

சத்தம் கேட்டு எல்லாரும் எறங்கி வந்துட்டாக. அத்த ஒன்னு, "அய்யோ, செத்தவன் படத்துக்குப் போட்ட வெளக்க அணச்சுட்டாளே!"ன்னு மாருல அடிச்சுக்கிருச்சு.

பெரியப்பா, "என்னடி ஆச்சு ஒனக்கு? பிளக்கச் சொருகு"ன்னாரு.

"மாட்டேன்."

"என்னது?"

"மாட்டேன் பெரியப்பா. சொருகுனா அண்ணே படமெல்லாம் அழிஞ்சிரும்."

"லைட்டு போட்டா படம் அழியுமா? இந்தக் கம்ப்யூட்டரு, போனு, இதுதேன் இவளக் கிறுக்காக்குது. எட்டாப்புப் படிச்ச கழுதைக்கி கம்ப்யூட்டர் எதுக்கு? டேய் தம்பி, அதையும் ஏத்திக்கிட்டுப் போயிருவோம். பிளக்கச் சொருகி ஓடுதான்னு போட்டுப் பாரு."

தம்பி போர்வைய எடுத்துட்டுக் குனிஞ்சான். நான் போயி அந்த மேசைக்கு முன்னாடி நின்னுக்கிட்டேன். கையில பாக்ஸு, ஒயரு எல்லாம் சுத்திக் கெடக்கு.

"தம்பி, கைய எடு. இத ஆன் பண்ணுனா அண்ணே செத்துருவான்."

அம்மா என்னையப் பாத்த பார்வ இருக்கே. புத்தி பெரண்டு போச்சுன்னு நெனச்சிருக்கும். எனக்கே நான் சொன்னது அப்பத்தேன் காதுல விழுந்துச்சு. ஆனா நகரல. அந்தப் பெட்டிக்குள்ளதேன் மிச்சம் இருந்தான். அதையும் விட்டா ரேஷன் கார்டுப் படந்தேன். அப்பாவுக்கு ஆன மாதிரி யாரோ ஒரு ஆளு செவுத்துல தொங்குவான், அதுக்கு நாங்க வட சுட்டு வைப்போம். முடியாது. யாரு சொன்னாலும் முடியாது.

"பெரியவுக பேச்சு கேக்காத வீடு வெளங்குமா?"ன்னாரு பெரியப்பா.

"வெளங்காட்டிப் போகுது."

அடிக்கக் கைய ஓங்குனாரு. அதுக்குள்ள சர்வீஸ் கட அண்ணே வாசல்ல பைக்கப் போட்டுட்டு ஓடியாந்தாரு. "அய்யா, கோவப்படாதீக, அந்தப் புள்ள சரியாத்தேன் செஞ்சிருக்கு"ன்னுக்கிட்டே என் கையிலருந்து பாக்ஸ வாங்கி, வைஃபை ஒயர மட்டும் உருவிப் போட்டுட்டு மிச்சத்தச் சொருகுனாரு. சீரியல் லைட்டு பழையபடி மினுங்குச்சு. "போதுமாத்தா?"ன்னு அந்த அத்தையப் பாத்துக் கேட்டாரு. அது முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு அங்கிட்டு நகந்துருச்சு.

நெட்டு இல்லாம கம்ப்யூட்டரப் போட்டாரு. ஃபோல்டரத் தொறந்தாரு. எல்லாம் இருந்துச்சு. வண்டி பூச, அம்மா, நான் மூக்கு ஒழுகிக்கிட்டு நிக்கிறது, எல்லாம். ஒரு பென் டிரைவ்ல மொதல்ல காப்பி போட்டாரு. அப்பறம் இன்னொன்னுலயும்.

அம்மா கீழ உக்காந்துக்கிட்டு, "அந்த வழி சொல்றது இருக்காடி?"ன்னுச்சு. அம்மாவுக்கு அது தெரியும்னே எனக்குத் தெரியாது.

வரிசைல கெடந்ததுல ஒன்ன அமுக்குனேன். எஞ்சின் சத்தம் வந்துச்சு, அப்பறம் அவன்.

"உசிலம்பட்டி, பெரியப்பா புது வீடு. பஸ் ஸ்டாண்டு தாண்டி நேரா வா. ஒரு மரக்கட வரும், அதுக்கடுத்து மண்ணு ரோடு. மழ பேஞ்சா வண்டி மாட்டிக்கிரும், சூதானம். வாசல்ல கட்டில் போட்டு ஒரு மீச படுத்திருக்கும், அதுதேன் பெரியப்பா. ஹாரன் அடிச்சுராத, எந்திரிச்சா அரமணி நேரம் புத்தி சொல்லும். தம்பிப் பயலுக்குப் பால்பன் வாங்கிருக்கேன், டேஷ்போர்டுல இருக்கு. குடுக்க மறந்துராத."

பெரியப்பாதேன் மொதல்ல, "நாயி, என்னைய மீசன்னா சொல்லிருக்கான்"ன்னாரு. சிரிச்சாரு, சிரிச்சுக்கிட்டே இருக்கப்ப மீச நனஞ்சிருச்சு. துண்டத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாரு. கம்ப்யூட்டர ஏத்துறதப் பத்தி அப்பறம் பேசல. போறப்ப மட்டும், "இருந்தாலும் நீ வெளக்க அணச்சது தப்பு"ன்னாரு. "தப்புன்னா தப்பாவே இருக்கட்டும் பெரியப்பா"ன்னேன்.

தம்பிய அடுப்படிக்கு இழுத்துட்டுப் போயிக் கேட்டேன். "ஏன்டா அழிச்ச? காள மாட்டுக்கு எடம் பத்தலயா?"

"எடமெல்லாம் இருக்குக்கா." தலையத் தூக்கல. "ஒவ்வொரு தடவ போனத் தொறக்குறப்பவும் அண்ணே மூஞ்சி வருது. என்னால முடியலக்கா. உங்ககிட்டத்தேன் எல்லாம் இருக்கேன்னு அழிச்சேன். இந்தா, போன நீயே வச்சுக்க."

அவன் கன்னத்துல ஒன்னு விட்டேன். வலிக்கிற மாதிரியேதேன் விட்டேன். போனத் திரும்ப அவன் பையிலயே திணிச்சேன். அப்பறம் ரெண்டு பேரும் அந்த உருண்டு போன பால்பன்ன எடுத்துப் பிச்சுத் தின்னோம்.

சர்வீஸ் கட அண்ணே கெளம்புறப்ப கேட்டாரு, "இவன் போன இதுலருந்து கழட்டி விட்றவா? வம்பே இல்ல."

கழட்டுனா டிங்கு நின்னுரும். நான் யோசிச்சேன். "கழட்டாதீகண்ணே. அதுலருந்து வாரது வரட்டும். அழிக்க மட்டும் முடியாத மாதிரி வச்சு விடுங்க." அவரு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, அப்பிடியே வச்சுக் குடுத்தாரு. "அந்தக் கிளவுடுலயும் ஒரு காப்பி போட்டுருங்க"ன்னேன்.

"உங்கண்ணே வேணாம்னான்ல?"

"அவன் வந்து கேக்கட்டும், பதில் சொல்லிக்கிறேன்."

அண்ணே, உன் பேச்ச நான் மீறிட்டேன். உன் கொரலு இப்ப எங்கயோ தூர தேசத்துல ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ளயும் இருக்கு. வாடக கேட்டா நான் நைட்டி தச்சுக் கட்டுறேன். ஒனக்குக் கோவம்னா வந்து கொட்டு, தல இங்கதேன் இருக்கு.

அம்மா இப்பவும் சொல்லுது, "அதையே கேட்டுக்கிட்டு இருந்தா நீ என்னைக்குடி தேறுவ?" கம்பெனில சூப்பரவைசர் அக்கா சொல்லுது, மறந்துட்டு வேற சோலியப் பாருன்னு. நான் மறக்குறதுக்கு இவுகளுக்கு என்ன அம்புட்டு அவசரம்? நான் சோலியும் பாக்குறேன், கேக்கவும் செய்யிறேன். ரெண்டுக்கும் எனக்கு எடம் இருக்கு. தம்பி மாசத்துக்கு ஒருக்கா வாரான். அவன் தெருவுக்குள்ள திரும்புறப்ப டிங்குன்னு கேக்கும். ஒரு காள மாடு வந்து விழுகும். நான் தோசக்கல்லப் போடச் சொல்லுவேன். வாரவனுக்குப் பசிக்கும்ல.

இத இம்புட்டு தூரம் படிச்சவுகளுக்கு ஒன்னு சொல்லிக்கிறேன். நீங்க கோயிலுக்குப் போறவகளோ, பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ போறவகளோ, யாரா இருந்தாலும் சரி. நான் மறக்கணும்னு எனக்காக வேண்டாதீக, அது எனக்கு வேணாம். எங்க அண்ணனுக்காக ஒரு நிமிசம் வேண்டிக்கங்க. அவன் போற எடத்துக்கு வழி கேக்காமப் போய்ச் சேரணும். முதுகுல ஒன்னும் இருக்கக்கூடாது. அங்கயாவது அவன லிப்ட்டுல ஏத்திக்கிட்டுப் போகணும்னு, எல்லாரும் வேண்டிக்கங்க.